எச்சில் தட்டைக் கழுவும் கை

பாத்திரம் எதனால் ஆனதோ அதற்கேற்பத்தான் அதைத் துலக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம். செம்பு, இரும்பு, வெண்கலம், பித்தளை, ஈயம் ஆகியவற்றுக்குத் தகுதிக்கேற்பக் காரமும் புளிப்பும் தண்ணீரும். மண்பாண்டத்தை மறுபடி சூளையில் இட வேண்டும். யூதர்களின் லேவியராகமமும் இதே வழியில் போகிறது. பலி இறைச்சி வெந்த மண்பானையை உடைத்துவிட வேண்டும். செம்புப் பானையானால் நன்றாகத் தேய்த்து அலசினால் போதும். இஸ்லாமிய மரபில், நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் போட்டு. கடவுளைப் பற்றிப் பேச வந்த நூல்கள் சட்டி பானையைப் பற்றியும் இவ்வளவு கவலைப்பட்டிருக்கின்றன.

இதில் சடங்கோடு கண்ணால் கண்ட அறிவும் இருக்கிறது. மண்சட்டி நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெயையும் வாடையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மீன் குழம்புக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனு சொல்லும் காரமும் புளிப்பும் நம் கொல்லைப்புறத்தில் அடுப்புச் சாம்பலாகவும் புளியாகவும் இருந்தன. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரில் கரைந்து காரமாகி, எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிக் கழற்றிவிடுகிறது. புளியின் டார்டாரிக் அமிலம் செம்பிலும் பித்தளையிலும் ஏறிய களிம்பைக் கரைக்கிறது. பிறகு சபீனா வந்தது, விம் கட்டி வந்தது. தேய்க்கிற கை மட்டும் அதே கைதான்.

நன்றாகத் துலக்குவது என்றால் என்ன என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். மிச்சம் மீதியை முதலில் வழித்துப் போட வேண்டும். அடிப்பிடித்ததை ஊறவிட வேண்டும். டம்ளர்கள் முதலில், தட்டுகள் அடுத்து, வடைச்சட்டி கடைசியில். வரிசை மாறினால் காலைக் காபியில் சாம்பார் வாசம் அடிக்கும். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு மடிப்பில் காபிக் கறை கோடாக நிற்கும்; பால் பாத்திரத்தின் கழுத்தில் ஆடை காய்ந்து ஒட்டியிருக்கும்; குக்கர் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் பருப்புப் பசை ஒளிந்திருக்கும். கண்ணுக்குப் படாததைக்கூட விரல் கண்டுபிடித்துவிடும். அலசிய தட்டில் கட்டைவிரலை ஓட்டினால் வழுக்கக் கூடாது, ‘கிரீச்’ என்று சத்தம் வர வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பாத்திரம் சுத்தமா?

சமயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். அழுக்கு பொருளில் இருக்கிறது. நாரும் சாம்பலும் அதை எடுத்துவிடும். தீட்டு, தொட்டவர் யார் என்ற எண்ணத்தில் இருக்கிறது. அதை எடுக்கும் சாம்பல் எந்த அடுப்பிலும் கிடையாது. பொருளின் இயல்பைக் கூர்ந்து பார்த்துத் தொடங்கிய சாத்திரங்கள், மனிதரைப் பிறப்பால் அளக்கத் தொடங்கிய இடத்தில் வழி தவறிப்போயின.

தமிழ்நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை நினைத்துப் பாருங்கள். தலித்துகளுக்கென்று தனிக் குவளை. குடித்து முடித்ததும் அவர்களே அதைக் கழுவி ஒதுக்குப்புறத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தக் குவளை மற்றக் குவளைகளோடு சேராது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் குவளைகள் கடைகளில் இருந்தன. நகரத்து அடுக்ககங்களில் அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் வேலைக்கு வரும் அம்மாள் தேய்க்கிறார். குடும்பம் உண்ணும் தட்டு அவர் கை பட்டுத்தான் சுத்தமாகிறது. ஆனால் அவருக்குக் காபி, ஜன்னலோரம் தனியே கவிழ்த்து வைத்த டம்ளரில். அவர் துலக்கிக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுக்கும் வீடுகளும் உண்டு. இதற்கு ஆசாரம் என்று பெயர் வைப்பது பாவம்.

சமயங்களுக்குள்ளேயே இதற்கு மாற்றும் பிறந்திருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவி பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகளில், சமையலறைப் பணி வார முறை வைத்து எல்லோருக்கும் வரும். நோயாளிக்கும் தவிர்க்க முடியாத வேலை உள்ளவருக்கும் தவிர வேறு எவருக்கும் விலக்கு இல்லை. முறை முடித்துப் போகிறவர் பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் திருப்பி ஒப்படைக்க வேண்டும். மடத்தின் எந்தப் பாத்திரத்தையும் பலிபீடத்துப் பாத்திரத்தைப் போலவே மதிக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். கஞ்சிச் சட்டிக்கும் திருவிருந்துக் கிண்ணத்துக்கும் ஒரே மதிப்பு என்பது, அந்தக் காலத்துக்கு மட்டுமல்ல, இந்தக் காலத்துக்கும் பெரிய பேச்சு.

நம் பக்கத்திலும் கதை இருக்கிறது. தருமரின் ராஜசூய யாகத்தில் கண்ணன் எச்சில் இலை எடுத்தான் என்று கதாகாலட்சேபங்களில் சொல்வார்கள். வியாச பாரதத்தில் அவன் ஏற்ற வேலை அந்தணர்களின் பாதம் கழுவுவது. எப்படியானாலும், கேட்பவர்கள் கண்ணில் நீர் வரும். வீட்டுக்குப் போனதும் அவர்களின் எச்சில் இலையை எடுப்பவர் மட்டும் மாறுவதில்லை.

இதைக் கதையாக விடாமல் அன்றாட நடைமுறையாக்கிக் காட்டியவர்கள் சீக்கியர்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் நாள்தோறும் அரை லட்சம் பேருக்கு மேல் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தன்னைப் பார்க்க வருபவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார வேண்டும் என்று வைத்தவர் மூன்றாம் குருவான அமர்தாஸ். சாப்பிட்ட தட்டுகள் நீளமான தொட்டிகளுக்கு வருகின்றன. ஆணும் பெண்ணுமாக இருபுறமும் நின்று, ஒரு தொட்டியில் தேய்த்ததை அடுத்த தொட்டிக்குத் தள்ளுகிறார்கள். தட்டுகள் மோதும் சத்தம் காதைப் பிளக்கும். எந்தத் தட்டில் யார் சாப்பிட்டார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை.

2024 டிசம்பரில் சீக்கியரின் உச்சபீடமான அகால் தக்த், பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதலுக்குப் பிராயச்சித்தம் விதித்தது. அதில் பாத்திரம் கழுவுவதும் ஒன்று. கால் முறிவோடு சக்கர நாற்காலியில் வந்து அவர் அதைச் செய்தார். பக்கத்தில் அதே வேலையைப் பாக்கியமாக நினைத்து வந்தவர்கள் செய்துகொண்டிருக்கும் இடம் அது. ஒரே வேலை எப்படித் தண்டனையாகவும் பேறாகவும் இருக்க முடியும்? அந்த வேலை இழிவானது என்று நினைத்தால்தான் இதில் முரண் தெரியும். எல்லோரும் நிற்கும் தொட்டிக்குத் தலைவனையும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அங்கே பிராயச்சித்தம்.

வியத்நாம் துறவி திக் நாட் ஹான் வேறொரு கோணத்தில் பேசியவர். இளம் துறவியாக ஹுவே நகரின் து ஹியு மடத்தில் இருந்தபோது, நூறு பேருக்கு மேல் சாப்பிட்ட பாத்திரங்களை இருவராகத் தேய்த்ததை அவர் எழுதியிருக்கிறார். சோப்பு கிடையாது, சாம்பல், உமி, தேங்காய் நார். நம் பாட்டிகளின் அதே கருவிகள். பாத்திரம் கழுவும்போது மனம் முழுவதும் அதிலேயே இருக்கட்டும், அதுவே தியானம் என்பது அவர் பின்னாளில் உலகுக்குச் சொன்னது.

அருமையான போதனை. ஆனால் அதைப் பெண்களுக்கு உபதேசிப்பதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2019-இல் இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் கைவைத்த ஆண்களே அப்போது நூற்றுக்கு சுமார் 26 பேர்தான். மடத்தில் முறை மாறும். நம் வீடுகளில் கல்யாணமான நாளிலிருந்து முழங்கால் தேயும் வரை ஒரே ஆளின் முறைதான். பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாயைத் திரையில் பார்த்து உருகுகிறவர்கள், இடைவேளையில் வீட்டுச் சிங்க்கை நினைத்துப் பார்ப்பதில்லை. விரும்பி எடுத்த வேலை தவமாகலாம். ஒருவர் தலையில் மட்டும் கட்டிய வேலையைத் தவம் என்று புகழ்வது அநியாயம்.

ஆகவே பக்தியும் ஆன்மிகமும் பேசும் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜன்னலோரத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அலமாரியில் அடுக்கிவிடுங்கள். வேலைக்கு வருபவருக்கு அந்த அடுக்கிலிருந்து கைக்கு வந்த டம்ளரில் காபி கொடுங்கள். இரவுப் பாத்திரங்களுக்கு வீட்டில் எல்லோருக்கும் முறை வையுங்கள். உங்கள் முறை வரும்போது, உங்கள் தட்டை மட்டும் அலசிவிட்டு நகராமல், மனைவி, பிள்ளைகள், வந்த விருந்தாளி என எல்லோருடைய தட்டையும் நார் எடுத்துத் தேயுங்கள்.