வாய் கட்டப்படாத பை

பழைய கணினியொன்றை விலைக்கு வாங்குகிறான் ஒருவன். விற்றவர் மறந்துபோன சிறு கோப்பொன்று அதன் வன்தட்டில் கிடக்கிறது. பிட்கொயின் எனும் மின்பணத்தின் 'பணப்பை' அது. அந்தச் செல்வம் இப்போது யாருடையது?

இது வெறும் கற்பனையல்ல. 2009 ஜனவரியில் பிட்கொயின் தொடங்கியபோது அதற்குச் சந்தை விலையே இருக்கவில்லை. வீட்டுக் கணினியை ஓடவிட்டே அதனை ஈட்டியவர்கள் பின்னர் மறந்தார்கள்; கணினியை விற்றார்கள், எறிந்தார்கள். வேல்ஸின் நியூபோட் நகரத்தவர் ஒருவர், எட்டாயிரம் அளவிலான பிட்கொயின்களின் சாவி இருந்த தமது வன்தட்டு 2013இல் தவறுதலாகக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டதென்று நகரசபையோடு ஆண்டுக் கணக்கில் போராடினார். அங்கு வந்துசேர்ந்த பொருள் சட்டப்படி தனக்கே உரியது என்றது சபை. 2025 ஜனவரியில் அவரது வழக்கு முழு விசாரணைக்குப் போகாமலே தள்ளுபடியாயிற்று.

பணப்பை என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. அதற்குள் பணம் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு உண்டென்பதை, உலகெங்கும் பிரதிகளாகப் பரந்து கிடக்கும் ஒரு பொதுப் பேரேடு சொல்கிறது. கோப்பிலிருப்பது அதை இடம்மாற்றும் இரகசிய இலக்கம் மட்டுமே. பேரேட்டுக்கு ஆளைத் தெரியாது. இலக்கத்தை அறிந்தவன் உழைத்தவனா, திருடியவனா, குப்பையில் பொறுக்கியவனா என்று அது கேட்பதில்லை. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவோர் உளர். (அது ஹலாலான பணமா என்பது வேறு விவாதம், எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் ஹராம் என்றது.)

கண்டெடுத்த பொருளைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, அதன் பையையும் வாய்க்கட்டுக் கயிற்றையும் அறிந்துகொண்டு ஓராண்டு அறிவிக்குமாறு பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் ஸைத் இப்னு காலித் (ரழி) வாயிலாக வரும் செய்தி. அங்கேயும் அறிவுதான் சாட்சி. அடையாளம் சொல்பவரிடம் பொருள் போகிறது. ஆனால் கண்டெடுத்தவனும்தான் பையையும் கயிற்றையும் அறிவான். அந்த அறிவு அவனைப் பொறுப்பாளியாக்கியதே தவிர உடையவனாக்கவில்லை. பேரேடு அழித்துவிட்டது இந்தக் கோட்டைத்தான்.

பிட்கொயின் மென்பொருளில் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி 2011 செப்டம்பரில்தான் வந்தது. பூட்டிய கோப்பென்றால் கவலையில்லை. திறந்து காட்டுபவரே உரியவர். முந்தியவையோ வாய் கட்டப்படாத பைகள். யாரிடம் என்ன அடையாளம் கேட்பது? முகவரியையும் தொகையையும் கேட்டுப் பயனில்லை, பேரேடு எவருக்கும் திறந்தது. ஆனால் வன்தட்டில் அந்தக் கோப்பு மட்டுமா கிடக்கிறது? கடிதங்கள் கிடக்கும், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் கிடக்கும். உடையவரின் முகமே பையோடு சேர்ந்து கிடக்கையில், 'யாருடையதோ' என்று எப்படிச் சொல்வது?

கணினியோடு எல்லாவற்றையும்தானே வாங்கினேன் என்பான் அவன். காணி வாங்கியவர் அதில் பொற்குடம் கண்ட வரலாற்றை நபிகளார் சொன்னார்கள். நான் வாங்கியது மண்ணை, பொன்னையல்ல என்று அவர் விற்றவரிடம் கொண்டுபோனார். மண்ணையும் அதிலுள்ளதையும் சேர்த்தே விற்றேன் என்று மற்றவர் மறுத்தார். தீர்ப்புச் சொன்னவர் ஒருவரின் மகனுக்கு மற்றவரின் மகளை மணமுடித்து, அப்பொன்னை அவர்களுக்கும் தர்மத்துக்கும் செலவிடச் சொன்னார். எந்தச் சட்டத்தரணிக்கும் வேலையில்லாத வழக்கு! வாங்கியவரின் சொல்லைக் கவனிக்க வேண்டும். தான் எதற்கு விலை கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய கணினிக்குக் கொடுத்த சில ஆயிரம் ரூபாய் எதற்கான விலை என்பது இவனுக்கும் தெரியும்.

எடுக்காமல் விட்டால் வீண்போகாதா? வழிதவறிய ஒட்டகத்தை விட்டுவிடச் சொன்ன நபிகளார், ஆட்டை அப்படி விடச் சொல்லவில்லை. அதற்கு ஓநாய் உண்டு. பேரேட்டிலுள்ள காசு ஒட்டகம், எத்தனை காலமும் நிற்கும். கோப்புத்தான் ஆடு. வன்தட்டு பழுதாகும், வேறொருவன் கைக்கும் போகும். ஆகவே கோப்பைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கணினியை விற்றவரின் தொலைபேசி இலக்கத்தை அவன் தேடத் தொடங்கலாம்.