திடலுக்குள் யார் போகலாம்?

லண்டனின் லாம்பெத் பகுதியில் பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு குடியிருப்பு எழுந்தது. விலை கொடுத்து வாங்கிய வீடுகளும் குறைந்த வாடகை வீடுகளும் ஒரே வளாகத்தில் இருந்தன. நடுவில் விளையாட்டுத் திடல். வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சன்னல் வழியே திடல் தெரியும், போகத்தான் வழியில்லை. அடர்ந்த செடிவேலி குறுக்கே நின்றது. 2019-இல் செய்தி வெளியானதும் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. சொந்த வீட்டுக்காரர்களே பலர் வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பேசினார்கள். தடை நீங்கியது.

வாடகைக்காரர்கள் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புல்வெட்டவும் விளக்கெரிக்கவும் யாரோ பணம் தந்தாக வேண்டும். ஆனால், பெற்றோர் போட்ட ஒப்பந்தத்துக்கு ஏழு வயதுப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்?

சென்னையிலும் இதே கேள்வி எழுந்தது. 2024 அக்டோபரில், மாநகராட்சியின் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேறியது. பத்துப் பையன்கள் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய்! செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்துத் தெருவில் பந்து பழகும் வடசென்னைப் பிள்ளைகள் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? எதிர்ப்பு வலுத்ததும் மாநகராட்சி முடிவைக் கைவிட்டது. அதுதான் சரி. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டது. தெருவிளக்குக்கு நடப்பவரிடம் யாரும் காசு கேட்பதில்லை; திடலின் செலவும் பொதுப்பணத்திலிருந்தே வர வேண்டும்.

கட்டணம் போனால் மட்டும் எல்லாரும் உள்ளே வந்துவிடுவதில்லை. ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு பூங்காக்களில் பெண் பிள்ளைகள் குறைவதை 1990-களில் வியன்னா நகரம் கவனித்தது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. இருந்த ஒரே திறந்தவெளியைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, பெண்கள் ஒதுங்கிப் போயிருந்தார்கள். இரண்டு பூங்காக்களில் வெளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, பாதைகளுக்கு வெளிச்சம் கூட்டி, வேறு ஆட்டங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

சென்னைத் திடல்களுக்கான அந்தக் கட்டணத் திட்டம் கைவிடப்பட்டுவிட்டது. அங்கே மாலை ஆறு மணிக்கு எத்தனை பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று மாநகராட்சி கணக்கெடுக்கட்டும்; அடுத்து எதை மாற்றுவது என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம்.