நல்லவரிடமே ஏன் வாங்கலாகாது?

நம் வீட்டுக்கு அரிசி வாங்கும்போது நாம் பத்துப் பேரிடம் விலைப்புள்ளி கேட்பதில்லை. பல்லாண்டு பழகிய கடைக்காரர் நாணயமானவர் என்னும் நம்பிக்கையே போதுமானதாக இருக்கிறது. விலை சற்றுக் கூடினாலும் அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை.

நம்முள் ஒருவர் நகர்மன்றத் தலைவராகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க் குடிநீரில் கலப்பதற்குப் பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும். "எனக்குத் தெரிந்த நேர்மையான வணிகர் இருக்கிறார், அவரிடமே வாங்கிவிடலாமே" என்கிறார். சட்டம் அதற்கு இடந்தருவதில்லை. நல்லவரை நல்லவர் என்றறிந்து தேர்ந்தெடுப்பதில் என்ன குற்றம்? கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது.

வீட்டுப் பணம் நம்முடையது. அதில் ஏமாந்தால் நட்டமும் நம்முடையதே. நகராட்சிப் பணமோ அமானிதம். கூரை வீட்டுக்கு வரி கட்டிய கைம்பெண்ணின் காசும் அதில் இருக்கிறது. தலைவரின் நண்பரை அவள் அறியமாட்டாள். அவர்மீது நம்பிக்கை வைக்குமாறு அவளைக் கட்டாயப்படுத்தத் தலைவருக்கு உரிமையும் இல்லை. மேலும், அதே பொருளை விற்கும் பிற வணிகர்களும் நேர்மையாளராக இருக்கலாம். தலைவருக்கு அறிமுகமில்லை என்பது ஒன்றே அவர்களிடமுள்ள குறை. அறிமுகம் ஒரு தகுதியாகிவிட்டால், அறிமுகமின்மை குற்றமாகிவிடுமன்றோ?

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் உயிர்நாடி இதுவே. தேவை இன்னதென்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தங்களுக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள்களும் அவகாசம் தர வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. இயற்கைப் பேரிடர் போன்ற நெருக்கடிகளுக்கு விலக்கு உண்டு. ஏனைய வேளைகளில், தகுதியும் நிபந்தனைகளும் பொருந்தியவர்களுள் குறைந்த விலை கோரியவருக்கே ஒப்பந்தம் சேரும்.

"குறைந்த விலைக்கு வாங்கினால் மட்டமான சரக்குத்தானே வரும்?" என்பர் சிலர். அந்த அச்சம் பொய்யன்று. பிளீச்சிங் பவுடர் நாள்பட நாள்பட வீரியம் இழப்பது. பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கும். நோய்க்கிருமி மட்டும் சாகாது. ஆனால் இதற்குப் பரிகாரம் தெரிந்தவரிடம் ஓடுவதன்று. எத்தனை விழுக்காடு குளோரின் இருக்க வேண்டும், சரக்கு வந்திறங்கியதும் எவ்வாறு சோதிக்கப்படும், தேறாவிட்டால் என்ன தண்டம் என்பவற்றை நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். உறைகளைத் திறந்த பிறகு நினைவுக்கு வரும் தரம், பெரும்பாலும் தரத்தைப் பற்றிய கவலையாய் இருப்பதில்லை.

எனினும், சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடங்களும் உள்ளன. ஒருவர் மட்டுமே நிறைவேற்றக்கூடிய நிபந்தனைகளை எழுதி, அனைவரையும் போட்டிக்கு அழைக்கலாம். ஒப்பந்ததாரர்கள் சிண்டிகேட் அமைத்து, "இம்முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு" என்று பங்கிட்டுக்கொண்டு, மற்றவர்கள் பெயரளவுக்கு உயர்ந்த விலை எழுதலாம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இத்தகைய உடன்பாட்டைத் தடுக்கிறது. ஆயினும் கோப்பில் அறிவிப்பு இருக்கும், உறைகள் இருக்கும், கையொப்பங்கள் இருக்கும். நேர்மை ஒன்றுதான் இராது. காகிதம் தூய்மையாக இருப்பது வேறு. கை தூய்மையாக இருப்பது வேறு.

அவ்வாறாயின் சட்டத்தால் என்ன பயன்? பயன் உண்டு. வேலி திருடனை முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. ஆனால் தாண்டுகிறவன் தான் தாண்டுவதை அறிந்தே தாண்ட வேண்டியவனாகிறான். நல்லெண்ணம் கொண்ட தலைவருக்கும் அதுவே காப்பு. இன்று அவர் நல்லவருக்காக வேலியில் திறந்த வழி, நாளை அவர் இருக்கையில் அமரும் வேறொருவருக்கும் வழியாகிவிடும்.

இதில் நம் பங்கும் இல்லாமலில்லை. உறவினர் ஒருவர் நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், "நம் பிள்ளைக்கு ஒரு காண்ட்ராக்ட் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கும் முதல் குரல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது. அந்தப் பிள்ளை திறமைசாலியாகவே இருக்கலாம். அப்படியானால் அவனும் உறையை ஒட்டி, எல்லாருடனும் வரிசையில் நிற்கட்டும். வென்றால் அது அவனுக்குப் பெருமை. தோற்றால் ஊருக்கு நட்டமில்லை.