ஊன் இல்லையெனில் போதுமா?

இல்லத்தில் உண்ணும்போது நாம் எதையும் வினவ வேண்டுவதில்லை. வழிப்பயணத்திலோ, அடுக்களையும் நமதன்று, எண்ணெயும் நமதன்று. அவ்விடத்து, நோன்பு காக்கும் இல்லறத்தார் எதுவரை வினவலாம்? எவ்விடத்தில் நிறுத்த வேண்டும்?

திண்டிவனம் பகுதியிலிருந்து சித்தன்னவாசல் தரிசிக்கச் செல்வோர், திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு முன்னரே ரஞ்சன்குடியைக் கடப்பர். 1751ஆம் ஆண்டில் போர் கண்ட கோட்டை அங்குள்ளது. அவ்வூரை நெருங்குகையில் பெரும்பாலும் நண்பகலாகிவிடும். சாலையோர உணவு விடுதியில் அமர்ந்தால், “எல்லாம் சைவந்தாங்க” என்று கூறிச் சாம்பாரும் மசால் வடையும் பரிமாறுவர். அக்கூற்றில் பொய்யில்லை. ஆயினும், பெரம்பலூர் வட்டாரம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்றது. வெங்காயமில்லாச் சாம்பாரை அங்கு எதிர்பார்ப்பது எங்ஙனம்? கந்தமூலங்களை விலக்கியோர்க்குச் ‘சைவம்’ என்னும் ஒரு சொல் போதுவதில்லை.

சென்னையிலும் அயல்நாடுகளிலும் ஃபலாஃபெல் விற்கும் சிறு உணவகங்களில் நம் இளைஞர்க்கும் இதே ஐயம் எழுகின்றது. ஃபலாஃபெல் நம் மசால் வடைக்கு உறவினது. லெபனான், சிரியா நாட்டார் கொண்டைக்கடலையை ஊறவைத்து, வேகவைக்காமலே அரைத்து, உருட்டிப் பொரிப்பர். எள் விழுதுடன் ரொட்டியில் வைத்து உண்பர். எகிப்தியர் கடலைக்கு மாற்றாக ஒருவகை அவரைப் பருப்பைக் கொள்வர். ஊன் சிறிதும் இல்லை. எனினும் வெங்காயமும் பூண்டும் மாவிலேயே அரைபடுகின்றன. எடுத்து ஒதுக்க இயலாது. இறைச்சியும் விற்கும் கடையெனில், எண்ணெய் ஒன்றேயோ என்னும் ஐயமும் உண்டு.

ஆகவே வினவத்தான் வேண்டும். கருத்தின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கின்றது. அறிய வழியிருந்தும் அறியாது உண்பது அக்கருத்தின்மையேயாம்.

ஆனால், துறவோர்க்குரிய ஐந்து சமிதிகளை நினைமின். உணவு ஏற்பதில் விழிப்பு ஏஷணா சமிதி; சொல்லில் விழிப்பு பாஷா சமிதி. இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன; ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடலாகாது. அடுப்பனலில் காலை முதல் நின்றவரை, குற்றவாளியை விசாரிப்பதுபோல் அடுக்கடுக்காய் வினவினால் அவர் முகம் வாடும். தட்டில் காத்த அகிம்சையை நாவினால் இழந்தோமாவோம்.

நோன்பு நம்முடையது, கடைக்காரருடையதன்று. அதன் சுமையையும் நாமே தாங்குதல் முறை. உணவு கேட்குமுன், ஒருமுறை, இன்சொல்லால், “எங்களுக்கு இன்ன நோன்பு உண்டு, உண்ணத்தக்கது எது?” என வினவுவோம். உணவைப் பழிக்கும் சொல் அதில் கலவாதிருக்கட்டும். ஐயம் நீங்கினால் உண்போம். நீங்காவிடின் வெறுஞ்சோறும் வாழைப்பழமும் போதும்.

இன்சொல் என்பது எதையும் உண்பதற்குச் சாக்காகிவிடாதோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. தளர வேண்டியது நம் குரலேயன்றி நோன்பன்று. ஒருவேளைப் பசி பொறுத்தற்கரியதன்று. பிறர் மனம் நோக நாம் சொன்ன சொல்லோ உணவு செரித்த பின்னும் அவர் நெஞ்சில் நிற்கும்.