பனிமலைப் பாதையும் தனிமனிதப் பொறுப்பும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒருவன் தனித்துச் செய்யும்போது எவருக்கும் தீங்கு பயவாத செயல், பல்லாயிரவர் ஒரே வேளையில் செய்யும்போது பெருந்தீங்காக மாறுவதுண்டு. அத்தீங்குக்கு யார் பொறுப்பு? ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தால் எவரும் குற்றவாளியாகத் தோன்றார். எல்லோரையும் ஒருங்கே நோக்கினால் தீங்கோ கண்கூடு. ஒழுக்கவியலார் நெடுங்காலம் வாதித்துவரும் இவ்வினாவை, உல்லாசப் பயணமொன்றைக் கொண்டு ஆராய்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் போர், பஞ்சம் போன்ற பெருநிகழ்ச்சிகளில் கோபமும் இரக்கமும் மறைத்துவிடும் நுண்ணிய வேறுபாடுகள், இத்தகைய சாதாரண நிகழ்ச்சியிலேயே தெளிவுறப் புலப்படுகின்றன.

பிரான்சின் அல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள தாரந்தேஸ் பள்ளத்தாக்கு, கூர்ஷெவெல், வல் தொரன்ஸ் முதலான பெரும் பனிச்சறுக்குத் தலங்களைத் தன்னகத்தே கொண்டது. அல்பேர்வில் நகரிலிருந்து அத்தலங்களுக்கு ஏறும் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி ஒரே பெருந்தெருவையே நம்பியுள்ளது. 1992ஆம் ஆண்டு அல்பேர்வில்லில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுக்களை முன்னிட்டு அத்தெரு அகலமாக்கப்பட்டது. எனினும் மலைக்குள் நுழையும் வாயில் ஒன்றே. 2014 டிசெம்பர் 27ஆம் திகதி, நத்தாருக்கு அடுத்த சனிக்கிழமை, கடும்பனியும் உறைமழையும் சேர்ந்து அவ்வழியை மூடின. வானிலை அவதான நிலையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அவ்வாறிருந்தும் ஏறத்தாழ 36,000 வாகனங்கள் சவுவா மாவட்டத்தை நோக்கிச் சென்றன. சுமார் 8,000 வாகனங்கள் அங்கிருந்து வெளியேற முயன்றன. ஏறத்தாழ 15,000 வாகனங்கள் வழியில் அகப்பட்டுக்கொண்டன. பொதுமண்டபங்கள் தங்குமிடங்களாகத் திறந்துவிடப்பட்டன. அயல் மாவட்டத்தில் வாகனமொன்று பள்ளத்தில் சறுக்கி வீழ்ந்ததால் இளைஞரொருவர் உயிரிழந்தார்.

இதனை இயற்கையின் செயலென்று கூறி அமைவோர் உளர். ஆனால் ஆளில்லாத மலையிற் பெய்யும் பனி எவரையும் சிறைப்படுத்துவதில்லை. ஏற்றமொன்றில் சில்லுச் சங்கிலியின்றி வழுக்கிக் குறுக்கே நிற்கும் ஒரு வாகனம், பின்வரும் நூற்றுக்கணக்கானவற்றை நிறுத்திவிடுகின்றது. அவற்றுக்கிடையே பனியகற்றும் வண்டியும் சிக்கிக்கொள்கின்றது. அவ்வண்டி வராமையினால் மேலும் பனி படிகின்றது. பனி காரணமாகத் தடையும், தடை காரணமாகப் பனிப்படிவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இயற்கை இதில் ஒரு பங்காளி மட்டுமே.

இரண்டாவதாக, பயணம் செய்வது அவரவர் சுதந்திரம், ஆபத்தை ஏற்பதும் அவரவர் விருப்பம் எனலாம். ஜோன் ஸ்ருவட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு விளையாதவிடத்துத் தனிமனிதனைக் கட்டாயப்படுத்தல் தகாது என வாதித்தார். ஆயின் அக்கொள்கையே இவ்வாதத்துக்கு எதிராக நிற்கின்றது. தனிப்பாறையில் ஏறுபவன் தன்னுயிரையே பணயம் வைக்கின்றான். பொதுத்தெருவில் ஆயத்தமின்றிப் புறப்படுபவனோ, பின்னால் வரும் நோயாளர் வண்டியையும் குழந்தைகளையும் சேர்த்தே பணயம் வைக்கின்றான். அவர்களது சம்மதத்தை அவன் பெற்றிலன்.

மூன்றாவது வாதமே வலிமை மிக்கது. ‘முப்பத்தாறாயிரத்தில் ஒன்று குறைந்தால் என்ன மாறிவிடும்? தான் வீட்டிலிருந்தாலும் தெரு அடைபட்டே இருக்கும்’ என்று ஒவ்வொருவனும் கூறலாம். அது பெரும்பாலும் உண்மையும் ஆகும். இவ்விடத்தில் டெரிக் பார்பிற் 1984இல் வெளியிட்ட நூலிற் காட்டிய வழி பயனுடையது. ஒரு செயலின் விளைவை மட்டும் தனித்து எண்ணுவது கணக்கில் நேரும் தவறு. பலரது செயல்கள் ஒரு தொகுதியாகத் தீங்கு பயக்குமாயின், அத்தொகுதியில் ஒன்றாயிருப்பதே ஒரு செயலைத் தவறாக்கக்கூடும் என்பது அவர் கருத்து. பங்கு சிறிதாயிருத்தல் வேறு, பங்கே இல்லாதிருத்தல் வேறு.

‘எல்லோரும் இவ்வாறு செய்தால் என்னாகும்’ என்னும் காண்ட் வழிவந்த வினாவும் இங்கு எழும். ஆனால் அதனைக் கவனமின்றிக் கையாண்டால், சந்தைக்குப் போவதுங்கூடக் குற்றமாகிவிடும். ஊரார் அனைவரும் ஒரே நாழிகையிற் சென்றால் சந்தையும் திணறும். ஆகவே சோதிக்கப்படவேண்டியது ‘மலைக்குப் போதல்’ என்னும் செயலன்று; ‘எச்சரிக்கையை அறிந்தும், ஆயத்தமின்றியும், பிறர் விலகிக்கொள்வர் என்று நம்பியும் போதல்’ என்னும் கொள்கையே. பிறரது நிதானத்தைத் தனக்கு இலாபமாக்கிக்கொள்ளும் அக்கொள்கை, எல்லோரும் கைக்கொள்ளத்தக்கதன்று.

இவ்வளவில் தீர்ப்புக் கூறிவிடலாமா? புறப்பட்டவனது நிலையையும் நோக்குதல் வேண்டும். மலைத்தலங்களில் விடுதிகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுகின்றன. பாடசாலை விடுமுறையோ நாட்காட்டியால் நிச்சயிக்கப்படுகின்றது. பிரான்சியத் தொழிலாளர் 1936இல் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையைச் சட்டபூர்வமாகப் பெற்றனர். உழைப்பவனுக்கும் ஓய்வு உரியது என்பதற்கு அது சான்று. ஆண்டு முழுவதும் சேமித்து ஒரு வாரத்தை வாங்கியவனிடம் ‘நாளை போ’ என்பது எளிது. பணமும் ஓய்வுநேரமும் நிறைந்தவனுக்கு அந்த ‘நாளை’ உண்டு. மற்றவனுக்கு அது இழப்பாகும். பல்லாயிரவரை ஒரே நாளில் ஒரே வாயிலுக்கு அனுப்பும் ஏற்பாட்டினால் வருவாய் பெறுவோர், அதன் விளைவிலும் பங்குடையர். நெரிசலில் நிற்பவனை மட்டும் பழிப்பது, நெரிசலை அமைத்தவனை விடுவிப்பதாகும்.

பிரான்சு 2021 நவம்பர் 1 முதல், குறிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் நவம்பரிலிருந்து மார்ச் முடிய, வாகனங்கள் பனிக்கால ரயர்களைப் பூண்டிருத்தல் அல்லது சங்கிலிகளைக் கொண்டிருத்தல் வேண்டுமென விதித்தது. தனிமனித மனச்சாட்சிக்கு விடப்பட்ட ஒன்று இவ்வாறு பொதுவிதியாயிற்று. ஆயினும் சட்டம் சில்லைக் கட்டுப்படுத்தும். புறப்படும் மனத்தை முற்றாகக் கட்டுப்படுத்தாது.

அத்துடன் பொறுப்புப் பற்றிய விசாரணை ஓரிடத்தில் நின்றுவிடவும் வேண்டும். 2022 ஜனவரி 7ஆம், 8ஆம் திகதிகளில் பாகிஸ்தானின் முரீ மலைநகருக்குப் பனி காணச் சென்றோரின் வாகனங்கள் புதையுண்டு, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளிர் தாங்காது இயந்திரத்தை இயங்கவிடும்போது புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்தால், காபனோரொட்சைட்டு வாகனத்துள் நிறைகின்றது. நிறமும் மணமுமற்ற அந்நஞ்சுக்கும் அங்கே சிலர் பலியானதாக அறியப்பட்டது. விசாரணையின் பின்னர் அதிகாரிகள் பலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். ‘ஏன் போனார்கள்?’ என்ற வினா அந்நாட்களில் பலர் நாவிலும் இருந்தது. புறப்படுமுன் கேட்கப்பட்டிருந்தால் அது அறிவுரை. புதையுண்டவனை நோக்கிக் கேட்கப்படும்போது அது கொடுமை. தகுதியை நிறுத்துப் பார்த்தபின் நீட்டப்படும் கை உதவியாகாது, தீர்ப்பாகும். அல்ப்ஸில் மண்டபக் கதவுகளைத் திறந்தோர் சங்கிலி வைத்திருந்தவன் யார், இல்லாதவன் யார் என்று பிரித்துப் பாய் விரித்திருந்தால், அம்மண்டபங்கள் நீதிமன்றங்களாகியிருக்கும்.

எனவே பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் சுமத்தத்தக்கதன்று. எவர் தலையிலுமின்றிக் காற்றிற் கரைந்துவிடுவதுமன்று. அது காலத்துக்கேற்ப உருமாறுகின்றது. புறப்படுமுன் அது எச்சரிக்கையைச் செவிமடுத்தலும் ஆயத்தமுமாகும். வழியில், திரும்பிச் செல்லத் துணிதலாகும். ஆபத்து நேர்ந்தபின், கேள்வியின்றி உதவுதலாகும். ஆபத்து நீங்கியபின், ஏற்பாட்டை வகுத்தோரை வினவுதலாகும். இவற்றின் வரிசை மாறும்போதே சமூகம் தவறிழைக்கின்றது. ஆயத்தம் செய்யவேண்டிய வேளையில் விதியென்று இருந்து, உதவவேண்டிய வேளையில் குற்றம் கண்டு, வினவவேண்டிய வேளையில் மறந்துவிடுவது மனித இயல்பு. அவ்வியல்பு மாறாதவரை, அடுத்த குளிர்காலத்திலும் பழி பனியின் மீதே சுமத்தப்படும்.