கொற்கையில் கொடுத்த பலி

வேதசர்மா என்னும் ஏழை அந்தணர், நெல்லையப்பரின் நைவேத்தியத்துக்காக யாசித்துச் சேர்த்த நெல்லை உலரவிட்டுத் தாமிரபரணிக்கு நீராடச் சென்றபோது, பெருமழை கொட்டியும் அது நனையாதபடி இறைவன் வேலியாக நின்று காத்தருளினான் என்பது நெல்லைத் தலத்துப் புராணம். அந்த நெல்லின்மேல் அவருக்கு இருந்த பாத்தியதை உரிமை. அதைச் சூழ்ந்து காப்பது சட்டம். ஆயினும் வேலியே பயிரை மேய்வதும் உலகத்தில் உண்டாதலால், சட்டத்தையே நிறுத்திக் கேள்வி கேட்க அதற்கு மேலே ஒன்று இருந்தாக வேண்டும். அதுவே நீதி.

மதுரையில் கோவலனுக்கு நேர்ந்ததைச் சட்டக் கண்கொண்டு பாருங்கள். அரசியின் சிலம்பைக் களவாடியவன் என்று ஒரு பொற்கொல்லன் அவன்மேல் பொய்ப்பழி சுமத்தினான். களவுக்குத் தண்டனை உண்டு. ஆணையிடும் அதிகாரம் நெடுஞ்செழியனுக்கு உண்டு. சிலம்பும் அகப்பட்டவன் கையிலேயே இருந்தது. இல்லாதது விசாரணை ஒன்றுதான். கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த அரசன், சற்றே நின்று அந்தச் சிலம்பை உடைத்து உள்ளேயிருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்று பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கோவலன் மனைவி கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். பின்னர் அந்த மாணிக்கம் தெறித்து விழக் கண்டதும், குற்றவாளி தானே என்று உணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்தானே, அந்த நொடியில்தான் பாண்டியன் சபையில் நீதி பிரவேசித்தது.

இதுவரை எல்லாரும் சொல்லுகிறோம். இதற்குப் பின்னால் நம்முடைய பொருநையாற்றங்கரையில் நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் செய்தியை மட்டும் உபந்நியாசகர்கள் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறார்கள். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினத்தைத் தணிப்பதற்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். உயிர் கொடுத்தவர் ஆயிரவர்! மழை பெய்து நாடு செழித்தது என்று நூல் கூறினாலும், அதை நீதி என்று ஒப்ப என் மனம் இசையவில்லை. மதுரையை எரித்த கண்ணகியே, அத்தனை சினத்திலும், அறவோரையும் பசுக்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே செல் என்று அக்கினிதேவனுக்கு எல்லை வகுத்தாள். அவள் பெயரால் பலியிட்ட செழியனுக்கு அந்த எல்லை தெரியவில்லை.

அது ஏதோ பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆங்கிலேயர் 1871-இல் வடநாட்டில் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911-இல் திருத்தி விரித்து, சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தார்கள். எவனோ ஒருவன் செய்த களவுக்காக ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்த அந்தச் சட்டம், நெல்லை மாவட்டத்து மறவர் குடும்பங்கள் பலவற்றின்மீதும் பாய்ந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்தவன் பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனுக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வரவேண்டும். வேற்றூரில் இருக்கும் மகளைப் பார்த்து வரவும் சீட்டு வாங்க வேண்டும். 1920-இல் மதுரையை அடுத்த பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள். சட்டம் முறைப்படி இயற்றப்பட்டதே. கையொப்பமும் முத்திரையும் குறைவின்றி இருந்தன. ஆயினும் அது கொற்கைப் பலியின் மறுபதிப்பே அன்றி வேறில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் இடைவிடாது போராடிய பின்னரே, 1947-இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. 1952-இல் நாடெங்கும் நீங்கியது.

உரிமையைச் சட்டம் வழங்குவதாக எண்ணுவது பிழை. பிறக்கும்போதே ஆண்டவன் சந்நிதானத்திலிருந்து கொண்டுவந்ததைச் சட்டம் ஏட்டில் எழுதிக்கொள்கிறது. சில காலங்களில் எழுத மறுக்கிறது, அவ்வளவே. ஆகவே இந்த நெல்லைச் சீமையில் பஞ்சாயத்தில் அமரும் பெரியவர்களே, உங்களிடம் விண்ணப்பம் ஒன்று: ஒருவன்மீது புகார் வந்தவுடன் 'எந்தத் தெரு ஆள்?' என்று விசாரிக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டொழியுங்கள். அவன் என்ன செய்தான் என்பதை மட்டும், அவனையும் எதிரே உட்காரவைத்துக் கேளுங்கள்.