சீரோடு பிள்ளையும்

அரசாணை வருவதற்கு வெகு முன்பே ஊரின் அரசுப் பள்ளி மூடப்படத் தொடங்கிவிடுகிறது. ஜூன் மாதக் காலையில் தெருமுனைக்கு வரும் தனியார் பள்ளி வேனில் ஒவ்வொரு பிள்ளையாக ஏற ஏற, இங்கே சேர்க்கைப் பதிவேடு மெலிகிறது. தொடக்கப் பள்ளி நடந்துபோகும் தொலைவில், 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள். ஆனால், வகுப்பை நிரப்ப வேண்டியது பெற்றோர்தான்.

நாற்காலி, மின்விசிறி, பீரோ, தட்டு நிறைய நோட்டுப் புத்தகம் என்று மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நல்ல வழக்கம். அந்தச் சீரோடு தன் பிள்ளையையும் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவரே பள்ளியைக் காப்பாற்றுகிறார். பூட்டிய பிறகு செய்யும் மறியலைவிட, ஜூனில் போடும் சேர்க்கைக் கையெழுத்துக்கு வலு அதிகம்.